பத்துச் சக்கரத்திலிருந்து இறங்கலாமா? டீசல் ஏறும்போது லாரியைச் சிறிதாக்கும் கணக்கு

பெரிய லாரி டீசலைக் குடிக்கிறது என்பது பாதி உண்மைதான். நிரம்பாமல் ஓடும் லாரிதான் டீசலைக் குடிக்கிறது, அது பெரிதோ சிறிதோ. டீசல் விலை ஏறும்போதெல்லாம் நாமக்கல், சங்ககிரி, சேலம் வட்டாரத்தில் ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுபவர்களிடையே பெரிய வண்டியைத் தள்ளிவிட்டுச் சின்ன வண்டிக்குப் போகும் யோசனை வந்துவிடுகிறது. சென்னையில் டீசல் முதன்முதலாக 100 ரூபாயைத் தாண்டியது 2021 அக்டோபரில். 2022 ஏப்ரல், மே மாதங்களிலும் 100 ரூபாய் 94 காசில் நின்றது. மே 21 அன்று ஒன்றிய அரசு உற்பத்தி வரியைக் குறைத்த பிறகுதான் 94 ரூபாய்க்கு இறங்கியது. இப்படிப்பட்ட மாதங்களில் அவசரப்பட்டு வண்டியை விற்றவர்களும், விற்க வேண்டிய வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு கடனாளியானவர்களும் உண்டு. இரண்டு தவறும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பார்ப்பது. பார்க்க வேண்டியது, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை ரூபாய் டீசல் என்பதை.

கணக்கு எளிதாக இருக்க டீசல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை 28 டன் அனுமதியுள்ள பத்துச் சக்கர லாரியில் சுமார் 18 டன் ஏற்றலாம். நிறை லோடில், சமதளச் சாலையில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 25 ரூபாய், டன்னுக்கு 1 ரூபாய் 39 காசு. 16 டன் வகை ஆறு சக்கர லாரி 10 டன்னோடு ஆறரை கிலோமீட்டர் கொடுக்கும். டன்னுக்கு 1 ரூபாய் 54 காசு. ஏழரை டன்னுக்குள் வரும் 14 அடி வண்டி 4 டன்னோடு 10 கிலோமீட்டர் கொடுத்தால் டன்னுக்கு 2 ரூபாய் 50 காசு. ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் 13 கிலோமீட்டர் கொடுத்தாலும் டன்னுக்கு 5 ரூபாய் 13 காசு ஆகிவிடுகிறது. நிறை லோடு கிடைக்கும்வரை பெரிய வண்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை. டீசல் விலை எவ்வளவு ஏறினாலும் இந்த வரிசை மாறாது. ஏற ஏறச் சின்ன வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் உள்ள இடைவெளி ரூபாயில் இன்னும் பெரிதாகும். அரியலூர் சிமென்ட், அரிசி, மக்காச்சோளம், இரும்பு என்று எடைச் சரக்கே ஓட்டுபவர் டீசலுக்குப் பயந்து வண்டியைச் சிறிதாக்கினால் பிழைப்பு போய்விடும்.

அதே பத்துச் சக்கரத்தில் 8 டன் மட்டும் ஏறினால் கதை வேறு. பாதி லோடில் மைலேஜ் 5 வரை ஏறலாம், ஆனால் 9-க்குப் போகாது. வண்டியின் சொந்த எடையே 10 டன்னுக்கு அருகில். அதை இழுத்துத்தான் தீர வேண்டும். முகப்பு அகலமும் உயரமும் அதேதான் என்பதால் காற்று எதிர்ப்பும் குறைவதில்லை. என்ஜின் உள்ளே உராய்வில் போகும் டீசலும் அப்படியே. ஆகக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், டன்னுக்கு 2 ரூபாய் 50 காசு. நிரம்பி ஓடும் 14 அடி வண்டியின் செலவும் இதேதான்! அந்த 8 டன்னை 16 டன் வகை ஆறு சக்கர வண்டியில் ஏற்றினால் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 29 காசு. வித்தியாசம் 5 ரூபாய் 71 காசு. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் 34,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

முட்டை லோடு இதற்கு நல்ல உதாரணம். ஒரு முட்டை சராசரி 55 கிராம். ஒரு லட்சம் முட்டை ஐந்தரை டன். 30 முட்டைக்கு ஒரு அட்டை என்றால் 3,334 அட்டை, அதன் எடை சில நூறு கிலோதான். இடத்தை அடைக்குமே தவிர எடை ஏறாது. நூல் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, தென்னை நார், பார்சல் எல்லாம் இதே இனம். இப்படிப்பட்ட சரக்குக்கு டன்னைப் பார்த்து வண்டி எடுப்பது வீண். பாடி எத்தனை அடி என்று பார்க்க வேண்டும். நீளமான பாடி கட்டிய ஆறு சக்கர வண்டி பல லோடுகளுக்குப் பத்துச் சக்கரத்துக்கு நிகராக இடம் கொடுக்கும்.

எனவே முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியது மூன்று மாதக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஏற்றிய டன் (எடை மேடைச் சீட்டில் உள்ளது, ஏஜென்ட் சொன்னது அல்ல), லோடோடு ஓடிய கிலோமீட்டர், காலியாக ஓடிய கிலோமீட்டர், டீசல், டோல், வாங்கிய வாடகை. இதில் சராசரியை மட்டும் எடுத்தால் ஏமாற்றும். பத்து டிரிப்பில் ஐந்து 18 டன், ஐந்து 4 டன் என்றாலும் சராசரி 11 டன்தான். பத்துமே 11 டன் என்றாலும் 11 டன்தான். முதல் ஆளுக்குப் பெரிய வண்டியின் வருமானமே அந்த ஐந்து நிறை லோடில் இருக்கிறது. அவர் வண்டியை மாற்றுவதைவிடச் சின்ன லோடுகளை விட்டுவிடுவது நல்லது. இரண்டாமவருக்கும் 10 டன் வண்டி ஒரு டன் போதாமல் போகும். பத்தில் ஏழெட்டு டிரிப் 9 டன்னுக்குள் என்று நோட்டு சொன்னால் மட்டுமே ஆறு சக்கரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மைலேஜையும் அளந்து பார்க்க வேண்டும், டிரைவர் சொல்வதையோ டேஷ்போர்டு காட்டுவதையோ நம்பக் கூடாது. ஒரே பெட்ரோல் பங்கில், சமமான தரையில் வண்டியை நிறுத்தி, டீசல் நிரப்பும் துப்பாக்கி தானாக அணையும்வரை நிரப்பி, நுரை அடங்கிய பிறகு மறுபடி ஒருமுறை அணையும்வரை விட்டு, ஓடோமீட்டரைக் குறிக்க வேண்டும். போய் வந்து அதே பங்கில் அதே முறையில் நிரப்பினால் இடையில் எரிந்த அளவு கிடைக்கும். போகும்போது நிறை லோடு, வரும்போது காலி என்றால் இறக்கிய ஊரிலும் ஒருமுறை நிரப்பி இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். மலைப்பாதை டிரிப்பைத் தனியாக ஒதுக்க வேண்டும். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து வண்டியில், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா நீர் டீசலில் ஏறக்குறைய 5 சதவீதம் போகும். அதையும் சேர்க்க வேண்டும். இப்படி அளந்தால் சில வண்டிகளில் கோளாறு வேறு என்று தெரிந்துவிடும்: காற்று குறைந்த டயர், சரியாக விடுபடாத பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர், அல்லது டேங்கிலிருந்து டீசல் வெளியே போவது. அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, வண்டி மாற்றும் செலவில் ஒரு துளி.

எடைக் கோடுகள்

சிறிதாக்குவது என்று முடிவானால் எத்தனை படி இறங்குவது என்பதுதான் பணம் தங்கும் இடம். சட்டமும் வரியும் வண்டிகளைச் சில எடைக் கோடுகளால் பிரித்திருக்கின்றன. கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் வண்டி வாங்கினால் மேல்வகுப்புச் செலவு, கீழ்வகுப்பு வருமானம்.

முதல் கோடு 12,000 கிலோ. வருமான வரியில் பத்து வண்டிக்கு மிகாதவர்கள் கணக்குப் புத்தகம் இல்லாமல் அனுமான வருமானம் காட்டும் முறை உண்டு. 44ஏஇ பிரிவு என்ற பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். 28 டன் வண்டிக்கு மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. 16 டன்னுக்கு ஆண்டுக்கு 1,92,000. 12,000 கிலோவுக்குள் இருந்தால் மாதம் வெறும் 7,500, ஆண்டுக்கு 90,000. மூன்றாம் நபர் காப்பீடும் இந்தக் கோட்டில் உடைகிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில், வரி தனி, 20 முதல் 40 டன் வரை 43,950 ரூபாய். 12 முதல் 20 டன் வரை 35,313. ஏழரை முதல் 12 டன் வரை 27,186. ஏழரை டன்னுக்குள் 16,049.

இரண்டாம் கோடு 7,500 கிலோ. காப்பீடு இறங்குவதைவிட இங்கே முக்கியம் டிரைவர். இலகுரக வாகன உரிமம் உள்ளவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. கனரக உரிமம் உள்ள டிரைவர் கிடைக்காமல் வண்டி நிற்கும் காலத்தில் இது பெரிய வசதி. உரிமத்தைக் காரணம் காட்டி விபத்து இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும் பயமும் தீர்ந்தது.

மூன்றாவது 3,000 கிலோ. இதற்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட்டே வேண்டாம். டாடா ஏஸ் போன்றவை தாராளமாக உள்ளே வரும். பிக்கப் வண்டிகளில் ஒரே பெயரில் 3,000-க்கு உள்ளேயும் வெளியேயும் மாடல்கள் இருப்பதால், ஷோரூம் ஆள் வாயால் சொல்வதை விட்டு ஆர்.சி.யில் பதியப்போகும் மொத்த எடையைக் கேட்க வேண்டும்.

டோல் கணக்குதான் பலரையும் ஏமாற்றுவது. 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் அடிப்படை வீதம் கிலோமீட்டருக்குக் கார் வகைக்கு 65 காசு, இலகுரகச் சரக்கு வண்டிக்கு 1.05 ரூபாய், இரண்டு அச்சு லாரிக்கு 2.20, மூன்று அச்சுக்கு 2.40, நான்கு முதல் ஆறு அச்சு வரை 3.45. ஆண்டுதோறும் ஏப்ரலில் இவை ஏறினாலும் தங்களுக்குள் உள்ள விகிதம் ஏறக்குறைய அப்படியேதான். பத்துச் சக்கரத்திலிருந்து (மூன்று அச்சு) ஆறு சக்கரத்துக்கு இறங்கினால் டோலில் மிச்சம் 8 சதவீதம்தான். பன்னிரண்டு சக்கரத்திலிருந்து பத்துக்கு இறங்கினால் 30 சதவீதம். இரண்டு அச்சு லாரியிலிருந்து இலகுரக வகைக்கு இறங்கினால் பாதிக்கும் கீழே. ஒரு பத்துச் சக்கரத்தை விற்று இரண்டு ஆறு சக்கரம் வாங்கி அதே சரக்கை அதே ஊருக்கு ஓட்டலாம் என்று போடும் திட்டம் இங்கேயே உடைந்துவிடும்: 2.40 கட்டிய இடத்தில் 4.40, காப்பீடு 43,950-க்குப் பதில் 70,626, ஒரு டிரைவருக்குப் பதில் இருவர். இரண்டு வண்டிக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு சரக்கு இருந்தால்தான் அது சரிவரும்.

வண்டி சிறிதாவதால் டிரைவர் சம்பளம் சிறிதாவதில்லை, இதை மறந்துவிடுகிறோம். சம்பளமும் பேட்டாவும் மாதம் 24,000, ஓட்டம் 6,000 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். 18 டன்னில் அது டன்னுக்கு 22 காசு. ஒன்றரை டன் பிக்கப்பில் 2 ரூபாய் 67 காசு. பிக்கப் வெளியூர் நீண்ட ஓட்டத்துக்குச் சரிப்படாததற்கு டீசலோடு இதுவும் ஒரு பெரிய காரணம். சொந்தமாக ஓட்டுபவருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. ஊருக்குள் கடை கடையாக இறக்கும் வேலை, பால், காய்கறி, கூரியர் ஆகியவற்றில்தான் பிக்கப் நிற்கும். பகலில் கனரக வண்டிகளுக்குத் தடையுள்ள நகரச் சாலைகளில் நுழைய முடிவதும் அதற்கு ஒரு பலம்.

இறங்கியபின் வரும் கோளாறுகள்

திரும்பி வரும்போது ஏற்றும் சரக்கு, அதாவது ரிட்டர்ன் லோடு, முதல் அடி. பெரிய வண்டிக்குப் புக்கிங் ஆபீஸ்களில் வரிசை இருக்கும். காத்திருந்தால் ஏதாவது கிடைக்கும். 4 டன் வண்டிக்கு அந்த ஆபீஸ்களில் வேலை குறைவு. நேரடியாக வியாபாரிகளைப் பிடித்து, வாரத்துக்கு இத்தனை டிரிப் என்று பேசிய பிறகே வண்டி எடுக்க வேண்டும். போகும் வாடகையிலேயே காலி திரும்பும் டீசலும் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாடகை சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஓவர்லோடு. பெரிய வண்டி ஓட்டிப் பழகிய கை, சின்ன வண்டியிலும் கொஞ்சம் சேர்த்துப் போடத் துடிக்கும். ஒன்றரை டன் பிக்கப்பில் 3 டன் ஏற்றினால் முதலில் பின் பட்டை (ஸ்பிரிங்) உட்காரும், பிறகு கிளட்ச் தீயும், பின் சக்கர பேரிங் போகும், டயரின் பக்கச் சுவர் பிளக்கும், கடைசியில் சேஸிஸில் விரிசல். பிரேக் அந்த எடைக்குச் செய்யப்பட்டதே அல்ல. இறக்கத்தில் உயிர்ப் பிரச்சினை. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. சின்ன வண்டியின் மாத லாபம் ஒரே சீட்டில் போய்விடும். பாடி கட்டும்போதே இந்தத் தவறு தொடங்குகிறது. ஒன்றரை டன் வண்டியில் கனமான இரும்பு வைத்து 300 கிலோ கூட்டினால் ஏற்றும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. பாடி கட்டி முடித்ததும் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்க்காமல் பணத்தை முழுதாகக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது பி.எஸ்.6 வண்டியின் புகை வடிகட்டி, டி.பி.எஃப். அதில் சேரும் கரியை எரிக்க, வண்டி தொடர்ந்து நல்ல வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மறுபடி ஓடும் வேலையில் அந்தச் சூடு வருவதில்லை. எரிப்பு பாதியில் நின்று நின்று, கூடுதலாகத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயில் மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் கூடினால் அது நல்ல அறிகுறி அல்ல. டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு எரிந்ததும் டிரைவர் சாவியை அணைத்து அணைத்துப் போட்டால் வடிகட்டி அடைத்து, வண்டி வேகமெடுக்காமல் நின்றுவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவது, விளக்கு எரிந்தால் கம்பெனி சொன்ன முறையில் வண்டியை நிறுத்தியே கரியை எரிப்பது, கம்பெனி சொன்ன தர ஆயிலையே ஊற்றுவது போதும். நாள் முழுக்க ஊருக்குள்ளேயே வேலை என்றால் சி.என்.ஜி. வண்டியைப் பார்க்கலாம், ஆனால் சிலிண்டர் எடை ஏற்றும் சக்தியைக் கொஞ்சம் தின்னும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை உண்டு, வழியில் பங்க் இருக்க வேண்டும்.

விற்கும்போது

டீசல் ஏறி வாடகை ஏறாத மாதங்களில் எல்லோரும் ஒரே வண்டியைத்தான் விற்க வருவார்கள். விலை அடிபடும். 2025 செப்டம்பர் 22 முதல் புதுச் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதால், பழைய வண்டியின் விலையைப் புது வண்டி விலையோடு ஒப்பிட்டுப் பேசும் புரோக்கருக்கு இன்னொரு பிடி கிடைத்திருக்கிறது. டியூ பாக்கியுள்ள வண்டியில் முதலில் பைனான்ஸில் முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்க வேண்டும். லாரிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி. முன்கூட்டி முடித்தால் கட்டணம் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் கட்டிய டியூவில் வட்டிதான் அதிகம் போயிருக்கும். முடிப்புத் தொகை 18 லட்சம், சந்தை விலை 16 லட்சம் என்றால் கையிலிருந்து 2 லட்சம் போட்டுத்தான் வெளியே வர முடியும். முன்னே சொன்ன உதாரணத்தில் மாதம் 34,000 மிச்சம் என்றால் ஆறு மாதத்தில் அது திரும்பும். மிச்சம் 8,000 என்றால் இரண்டு ஆண்டு ஆகும், அதற்குள் டீசலே இறங்கலாம்.

இந்த இடைவெளி பெரிதாக இருந்தால், வண்டியை வைத்துக்கொண்டு வாடகையைச் சரிசெய்வதே முதல் வேலை. நிலையான பார்ட்டியிடம் டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் என்று எழுதிக்கொள்ளலாம்: ஒப்பந்த நாளின் டீசல் விலை அடிப்படை, ஓட்டச் செலவில் டீசல் பாதி என்றால், டீசல் 10 சதவீதம் ஏறும்போது வாடகை 5 சதவீதம் ஏற வேண்டும், இறங்கினால் அதேபோல் இறங்க வேண்டும். இரு பக்கமும் இருந்தால்தான் பார்ட்டி கையெழுத்துப் போடுவார்.

விற்றே தீருவது என்றால் காகிதத்தில் அசட்டை கூடாது. கடனை முடித்து, பைனான்ஸின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28. அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெறும் டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்று ஓராண்டு கழித்து நடந்த விபத்தானாலும் நோட்டீஸ் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் வரும். ஃபாஸ்டேக்கை அன்றே மூட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் சான்று வாங்கிவைத்தால் புது வண்டியின் பாலிசியில் தள்ளுபடி கிடைக்கும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், வண்டி வாங்கியபோது கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவாக எடுக்காமல் இருந்தால், தேய்மானம் கழித்த மதிப்பைவிடக் கூடுதலாக விற்ற தொகைக்கு மட்டும் 18 சதவீதம் கட்டினால் போதும். குறைவாக விற்றால் வரி இல்லை.

அடுத்து வாங்குவது பழைய சின்ன வண்டி என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாஹன் தளத்தில் எண்ணைப் போட்டு செலான் பாக்கி, வரி, தகுதிச் சான்று (எஃப்.சி.) காலம், கடன் பதிவு நான்கையும் பார்த்துவிட வேண்டும். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸில் வெல்டிங் தழும்பு தேட வேண்டும், குறிப்பாகப் பின் பட்டை மாட்டும் இடத்தில். அங்கே வெல்டிங் இருந்தால் வண்டி ஓவர்லோடில் வாழ்ந்திருக்கிறது. விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுவது நல்லது.